முதல் ரேடியோ கம்பெனி ஏன் மூழ்கியது?

ரேடியோ கம்பெனிகளின் காலாண்டு முடிவுகளை பிசினஸ் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். விளம்பர வருமானம் இவ்வளவு, லைசென்ஸ் கட்டணம் இவ்வளவு, சம்பளம் இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று நாலு வரியில் விஷயம் முடிந்துவிடும். அந்த நாலு வரியில் ரேடியோ கேட்கிற ஆள் எங்குமே வரமாட்டார். கேட்கும் நாம் காசு கொடுப்பதில்லை. நம் காதைக் காட்டி விளம்பரம் தருபவரிடம் காசு வாங்குகிறார்கள், அவ்வளவுதான்.

இந்தியாவின் முதல் பெரிய ரேடியோ கம்பெனி இதற்கு நேர் எதிராக யோசித்தது. யார் கேட்கிறாரோ அவரே காசு கொடுக்கட்டும் என்று முடிவு செய்து கடை திறந்தது. 1927 ஜூலையில் ஆரம்பித்தார்கள், 1930 மார்ச்சில் மூடிவிட்டார்கள். முழுசாக மூன்று வருஷம் கூட இல்லை. கேட்க ஆள் இல்லாமல்தான் மூழ்கியது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கம்பெனியின் பெயர் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி. 1926 செப்டம்பரில் அரசாங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. 1927 ஜூலை 23 அன்று பம்பாய் நிலையத்தை வைஸ்ராய் இர்வின் பிரபு திறந்துவைத்தார். ஒரு மாதம் கழித்து ஆகஸ்ட் 26-ல் கல்கத்தா நிலையம். இரண்டும் தலா ஒன்றரை கிலோவாட் மீடியம் வேவ் ஒலிபரப்பிகள். சாதாரண கிரிஸ்டல் செட்டில், அதாவது காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்கிற மலிவு செட்டில், சுமார் 30 மைல் தூரம் வரைக்கும்தான் ஒழுங்காகக் கேட்கும். அதைத் தாண்டினால் வால்வு ரேடியோ வேண்டும், அது பணக்காரர் வீட்டுச் சாமான். ஆக, பெயர்தான் 'இந்தியன்'. நிஜத்தில் இரண்டு ஊர்களின் உள்ளூர் ரேடியோ.

இப்போது காசு விஷயம். ரேடியோ வைத்திருப்பவர் வருஷத்துக்கு 10 ரூபாய் லைசென்ஸ் கட்ட வேண்டும். அதில் 80 சதவீதம், அதாவது 8 ரூபாய், கம்பெனிக்கு. மீதி 2 ரூபாய் அரசாங்கத்துக்கு. இதுபோக, வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் ரேடியோ சாமான்களின் விலையில் 10 சதவீதத்தை வியாபாரிகள் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு.

மூலதனம் 15 லட்சம் ரூபாய் என்று எழுதினார்கள். திரண்டது 6 லட்சம். அந்த 6 லட்சத்தில் இரண்டு நிலையங்களைக் கட்டவே நாலரை லட்சம் போய்விட்டது. மிச்சம் ஒன்றரை லட்சம். முதல் பாட்டு ஒலிக்கும் முன்பே முக்கால்வாசிப் பணம் கம்பியாகவும் கட்டடமாகவும் மாறிவிட்டது. காமர்ஸ் படிக்கிற யாரைக் கேட்டாலும் இந்த இடத்திலேயே தலையில் கை வைப்பார்கள்.

இன்றைக்கு இருப்பதுபோலக் காலாண்டு முடிவு வெளியிடும் கட்டாயம் அன்றைக்கு இல்லை. அதனால் நாமே போட்டுப் பார்ப்போம். 1927 கடைசியில் இந்தியாவில் மொத்தம் 3,594 லைசென்ஸ். 1928 கடைசியில் 6,152. 1929 கடைசியில் 7,775. ஒவ்வொன்றையும் 8 ரூபாயால் பெருக்கி நாலால் வகுத்தால் ஒரு காலாண்டுக்குக் கம்பெனி கைக்கு வரும் தொகை தெரியும். 1927-ன் நிலவரப்படி 7,188 ரூபாய், 1928-ல் 12,304, 1929-ல் 15,550. வருஷக் கடைசி எண்ணிக்கையை வருஷம் முழுக்க இருந்ததாக எடுத்துக்கொண்டிருக்கிறேன், ஆகவே இது கம்பெனிக்குச் சாதகமான கணக்கு.

வளர்ச்சியை மட்டும் பாருங்கள். இரண்டே வருஷத்தில் வருமானம் இரண்டு மடங்குக்கு மேல்! இன்றைக்கு எந்தக் கம்பெனியாவது இப்படிக் காட்டினால் பங்கு விலை எகிறிவிடும். ஆனால் சதவீதத்தை வைத்துச் சம்பளம் கொடுக்க முடியாதே. மூன்று வருஷ லைசென்ஸ் பங்கையும் கூட்டினால் ஏறத்தாழ 1 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். கையில் இருந்த ஒன்றரை லட்சத்தையும் சேர்த்தால் 2 லட்சத்து 90 ஆயிரம். கம்பெனி உயிரோடு இருந்தது சுமார் 32 மாதம். வகுத்துப் பார்த்தால் மாதத்துக்கு 9,000 ரூபாய், நிலையத்துக்கு 4,500. எஞ்சினியர், மின்சாரம், வால்வு, வாடகை, பாடகர், பக்கவாத்தியம் எல்லாம் இதற்குள். வியாபாரிகள் தர வேண்டிய 10 சதவீதம் இதில் சேரவில்லை. அது ஒழுங்காக வந்திருந்தால் கதை வேறு.

ரேடியோ ஒரு விசித்திரமான சரக்கு. இட்லிக் கடையில் நூறாவது ஆள் வந்தால் நூறாவது தட்டுக்கு மாவு வேண்டும். ரேடியோவில் ஆயிரம் பேர் கேட்டாலும் லட்சம் பேர் கேட்டாலும் செலவு ஒன்றுதான். ஆகவே ஆள் சேரச்சேர லாபம் கொட்ட வேண்டிய தொழில் இது. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. காசு கொடுக்காதவனை இட்லிக் கடைக்காரர் எழுப்பிவிடலாம். காற்றில் போகும் பாட்டை, காசு கட்டாத வீட்டுக்குள் போகாதே என்று யார் தடுப்பது?

இங்கேதான் கம்பெனி அடிவாங்கியது என்பது என் கட்சி. லைசென்ஸ் இல்லாமல் கேட்டவர்கள் ஏராளம். கிரிஸ்டல் செட்டை ஆர்வமுள்ள ஒரு காலேஜ் பையனே வீட்டில் செய்துவிட முடியும். கம்பிச் சுருள், ஒரு துண்டு கனிமம், ஹெட்போன் போதும். மின்சாரம் கூட வேண்டாம். அவனை யார் போய்ப் பிடிப்பது? லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று விதி இருந்தது, எடுக்காமல் செட் வைத்திருப்பவரை மடக்கும் அளவுக்குச் சட்டத்துக்குப் பல் இல்லை. வியாபாரிகளும் அவர்கள் பங்குக்கு 10 சதவீதத்தைத் தட்டிக்கழித்தார்கள். வசூலிக்கும் அதிகாரம் கம்பெனியிடம் இல்லை, அதிகாரம் வைத்திருந்த அரசாங்கத்துக்கு அவசரம் இல்லை. நஷ்டம் யாருக்கோ என்றால் யார்தான் அவசரப்படுவார்கள்!

கேட்க ஆள் குறைவு என்ற வாதத்திலும் உண்மை இல்லாமல் இல்லை. 1931 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியாவில் 35 கோடி பேர். 7,775 லைசென்ஸ் என்றால் சுமார் 45,000 பேருக்கு ஒன்று! கூலிக்காரருக்கு 10 ரூபாய் என்பது பல நாள் உழைப்பு. செட்டின் விலையோ அதற்கு மேல். அதே சமயம், கம்பெனி எந்த மாதிரியைப் பார்த்துத் தொடங்கியதோ அந்த பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே 1922-ல் ரேடியோ செட் தயாரிப்பாளர்கள் சேர்ந்து பிரிட்டிஷ் பிராட்காஸ்டிங் கம்பெனியைத் தொடங்கினார்கள். லைசென்ஸ் 10 ஷில்லிங். 1926 முடியும்போது 20 லட்சத்துக்கும் மேல் லைசென்ஸ். 1927 ஜனவரி 1 முதல் அது கம்பெனி என்ற அவதாரத்தை விட்டுப் பொது நிறுவனமாக, இப்போது நாம் சொல்லும் பிபிசியாக மாறியது. லண்டனிலேயே ரேடியோவைத் தனியார் கம்பெனியாக நடத்துவதை விட்ட அதே வருஷம் பம்பாயில் தனியார் கம்பெனி ஆரம்பிக்கிறது. சின்னத் தீவு, நெருக்கமான ஊர்கள், செட் வாங்க வசதியுள்ள ஜனங்கள் என்று அங்கே இருந்த எதுவும் இங்கே இல்லை. லைசென்ஸ் என்ற யோசனையை மட்டும் கப்பலேற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள்.

சென்னைக்கு இந்தக் கதையில் ஒரு தனி இடம் உண்டு. கம்பெனிக்கு மூன்று வருஷம் முன்பே, 1924 மே மாதம், சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் மெட்ராஸ் பிரசிடென்ஸி ரேடியோ கிளப் தொடங்கியது. ஜூலை 31 அன்று ஒலிபரப்பு ஆரம்பம். வெறும் 40 வாட் கருவி, பிறகு 200 வாட். உறுப்பினர் சந்தாவில் ஓடிய சங்கம் அது. லாபம் யாருக்கும் நோக்கமில்லை. ஆனாலும் பணம் போதாமல் 1927 அக்டோபரில் மூச்சு நின்றது. ஒலிபரப்பியைச் சென்னை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டார்கள்.

மாநகராட்சி செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 1930 ஏப்ரல் 1 முதல் தினசரி ஒலிபரப்பு தொடங்கியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பும் கதையும் போட்டார்கள். மாலையில் காற்று வாங்க வருகிறவர் காசில்லாமல் கச்சேரி கேட்டுவிட்டுப் போகலாம். செலவு நகர வரிப்பணத்தில். விளக்குக் கம்பம், குடிநீர்க் குழாய் மாதிரி ரேடியோவும் ஒன்று. யார் கேட்டார், யார் கட்டினார் என்ற தலைவலியே இல்லை. பம்பாயில் கோட்டைவிட்ட கேள்விக்கு நம்மூர் மாநகராட்சி வேறொரு விடை எழுதிவிட்டது. 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வரும்வரை இது ஓடியது.

பம்பாய்க்குத் திரும்புவோம். 1930 மார்ச் 1 அன்று கம்பெனி கலைப்புக்குப் போனது. ரேடியோ வியாபாரிகளும் பொதுமக்களும் விடவில்லை, அரசாங்கமே நடத்த வேண்டும் என்று கேட்டார்கள். சென்னை மாநகராட்சி தொடங்கிய அதே ஏப்ரல் 1-ல் அரசாங்கம் இரு நிலையங்களையும் எடுத்துக்கொண்டது, இரண்டு வருஷப் பரிசோதனையாக. உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த நேரம். 1931 அக்டோபரில், சிக்கனம் என்ற பெயரில் மூடிவிடலாம் என்று அறிவித்தார்கள். குறிப்பாக வங்காளத்தில் பெரும் எதிர்ப்பு. கையில் விற்காத செட்டோடு நின்ற வியாபாரிகளும் கூச்சல் போட்டார்கள். நவம்பரில் முடிவு வாபஸ். காதுக்குப் பழகியதைப் பிடுங்கினால் ஜனங்கள் சும்மா இருக்கமாட்டார்கள்!

பிறகு அரசாங்கம் செய்தவற்றைக் கவனியுங்கள். 1932-ல் ரேடியோ சாமான்களின் இறக்குமதி வரியை 50 சதவீதமாக உயர்த்தியது. துறைமுகத்திலேயே வாங்கும் வரி என்பதால் வியாபாரி தட்டிக்கழிக்க வழியில்லை. 1933-ல் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் வந்து, 1934 ஜனவரி 1 முதல் அமலானது. லைசென்ஸ் இல்லாமல் செட் வைத்திருப்பதே குற்றம். இதற்கிடையே 1932 டிசம்பரில் பிபிசி தன் எம்பயர் சர்வீஸை ஆரம்பித்தது, இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் ஊர்ச் செய்தி கேட்க ரேடியோ வாங்கினார்கள். 1932 கடைசியில் 8,557 ஆக இருந்த லைசென்ஸ் 1934 கடைசியில் 16,179. கிட்டத்தட்ட இரட்டிப்பு. எம்பயர் சர்வீஸுக்கு எவ்வளவு, சட்டத்துக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாதுதான். ஆனால் கம்பெனிக்கு வேண்டியிருந்த சட்டம், கம்பெனி செத்து மூன்று வருஷம் கழித்து அரசாங்கம் தனக்காகப் போட்டுக்கொண்ட சட்டம். எனக்கு இதுதான் உறுத்துகிறது.

அந்த லைசென்ஸ் பல பத்தாண்டுகள் நீடித்தது. தபால் ஆபீசில் ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தைப் புதுப்பித்த கதையை உங்கள் வீட்டுத் தாத்தாவிடம் கேட்டால் சொல்வார். 1980-களில்தான் எடுத்தார்கள். அதற்குள் விளம்பரம் உள்ளே வந்தாயிற்று. இலங்கை வானொலி 1950-லேயே வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கி இந்தியாவின் காதுகளை வளைத்துப் போட்டது. விவித் பாரதி 1957-ல் வந்தாலும் விளம்பரம் வாங்க ஆரம்பித்தது 1967-ல்.

தனியார் கம்பெனிகள் மறுபடி வந்தபோது லைசென்ஸ் தலைகீழாகிவிட்டது. முன்பு கேட்பவர் கட்டினார், இப்போது ஒலிபரப்புபவர் கட்ட வேண்டும். 1999-2000-ல் நடந்த முதல் எஃப்எம் ஏலத்தில் நிர்ணயித்த கட்டணம் வருஷத்துக்கு 15 சதவீதம் ஏறிக்கொண்டே போகும், வருமானம் வந்தாலும் வராவிட்டாலும். நூறு ரூபாய் ஐந்து வருஷத்தில் இருநூறாகும். ஏலத்தில் ஆசையாகக் கேட்ட பலர் நிலையம் தொடங்காமலே ஓடினார்கள், தொடங்கியவர்கள் நஷ்டத்தில் தவித்தார்கள். 1927 கம்பெனிக்கு வரவு நிச்சயமில்லை. இவர்களுக்குச் செலவு மட்டும் நிச்சயம்.

2005-ல் விதியை மாற்றினார்கள். ஒருமுறை நுழைவுக் கட்டணம், அதன்பின் வருஷாவருஷம் மொத்த வருமானத்தில் 4 சதவீதம், அல்லது நுழைவுக் கட்டணத்தையொட்டி நிர்ணயித்த ஒரு குறைந்தபட்சத் தொகை, எது அதிகமோ அது. அதற்குப் பிறகு சில வருஷங்களிலேயே நாட்டில் தனியார் எஃப்எம் நிலையங்கள் 200-ஐத் தாண்டின.