வெயில் கருகல் (தொட்டிச் செடிகள்)

நிழலில் வளர்ந்த தொட்டிச் செடியைத் திடீரென நேர் வெயிலில் வைத்தால் இலை வெளுத்துத் தீய்ந்துபோவதே வெயில் கருகல். கடலூர் மாவட்டத்தில் இதைக் கத்தரி வெயில் காலத்தில் அதிகம் காணலாம். 1956-இல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனத்தை ஒட்டி உருவான நெய்வேலி நகரியத்தில் மரநிழல் மிகுதி. அங்கே குவார்ட்டர்ஸ் திண்ணையில் செழித்த மணி பிளாண்ட், கெடிலக் கரையிலுள்ள திருவதிகையில் ஒரு மொட்டை மாடிக்கு இடம் மாறினால் ஓரிரு நாளிலேயே கருகிவிடக்கூடும்.

நிழலில் விரிந்த இலை அகலமாகவும் மெல்லியதாகவும் இருக்கும். அதன் மெழுகுப் பூச்சும் குறைவு. தாங்க முடியாத ஒளி விழும்போது பச்சையம் சிதைகிறது. முதலில் வெளிறிய திட்டு, பிறகு காகிதம்போல் உலர்ந்த பழுப்பு. ஓர் இலைமேல் இன்னொன்று கவிந்திருந்தால், மேலிலையின் வடிவம் கீழிலையில் பச்சையாகவே தங்கியிருக்கும். பூஞ்சைப் புள்ளியிலிருந்து கருகலைப் பிரித்தறிய இதைவிட நல்ல அடையாளம் இல்லை. வெள்ளை படர்ந்த இலைகளில் பச்சையம் இல்லாத பகுதியே முதலில் தீயும்.

வெயிலில் தண்ணீர் தெளித்தால் துளிகள் இலையைச் சுட்டுவிடும் என்பது பரவலான நம்பிக்கை. 2010-இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, வழவழப்பான இலைகளில் அப்படி நேர்வதில்லை; மயிரடர்ந்த இலைகளில் மட்டுமே அதற்கு வாய்ப்புண்டு.

தீய்ந்த பகுதி மீண்டும் பச்சையாகாது. காப்பாற்ற வேண்டியது குருத்தையும் வேரையும்தான். செடியை உடனே வெளிச்சமுள்ள நிழலுக்கு மாற்ற வேண்டும். மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் காலையில் நீர் ஊற்றலாம். இரக்கப்பட்டு நாள் முழுக்க ஊற்றுவதில்தான் வேரழுகி மடியும் செடிகள் பல. உரமும் இப்போது வேண்டாம்; புதுத் தளிர் விரிந்த பிறகு போடலாம். பாதி கருகிய இலையின் பச்சைப் பகுதி இன்னும் உணவு தயாரிக்கிறது. எனவே முழுதும் காய்ந்தவற்றை மட்டும் நறுக்க வேண்டும். கறுப்புப் பைகளும் தளத்தின் சூடும் வேரையே வேகவைக்கும் என்பதால், தொட்டியைச் செங்கல்மேல் உயர்த்தி வைப்பது நல்லது.

தேறிய செடியை மாடியில் வைத்தே தீர வேண்டுமானால் பச்சை நிழல்வலை கட்டி, காலை வெயிலில் ஒரு மணி நேரத்தில் தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்தில் மெல்லக் கூட்டலாம். மணி பிளாண்டுக்கு நண்பகல் வெயில் எந்நாளும் ஆகாது. தண்டு கொழகொழத்துவிட்டால், கெட்டியான கணு ஒன்றை வெட்டித் தண்ணீரில் வைத்தால் வேர்விடும்.