மணிமாலையும் மறுப்புரிமையும்

1930-ஆம் ஆண்டில் பெண்ணின் கருப்பையைப் பற்றி இரண்டு குரல்கள் எழுந்தன. ஒன்று தமிழகத்திலே எழுந்தது. மற்றொன்று ரோமாபுரியிலே எழுந்தது. 'குடி அரசு' ஏட்டிலே 'கர்ப்பத்தடை' எனத் தலைப்பிட்டு எழுதினார் பெரியார். உடல்நலம், குடும்பச் செலவு, நாட்டின் மக்கள் பெருக்கம் என்று பிறர் காரணம் காட்டிய காலையில், பெண்ணின் விடுதலையையே முதற்காரணமாக நிறுத்தினார் அவர். அதே ஆண்டின் கடைசி நாளான டிசம்பர் 31-இல் போப் பதினோராம் பயஸ், 'காஸ்தி கொன்னூபி' என்னும் சுற்றுமடலை விடுத்தார். கருத்தரிப்பைத் தடுக்க எக்கருவியைக் கையாண்டாலும் அது பாவம் என்று விதித்தார்.

ஒரு குரல் 'அவள் உடல் அவளுக்கு' என்றது. மற்றது 'அவள் உடல் ஆண்டவன் திட்டத்துக்கு' என்றது. இரண்டு குரல்களும் எட்டக்கூடிய தொலைவிலே இருந்த சின்னஞ்சிறு நிலம் காரைக்கால்!

காவிரிக் கழிமுகத்திலே, தஞ்சைச் சீமை சூழ, அரசலாறு கடலிலே கலக்கும் இடத்தில் அமைந்தது அவ்வூர். 1739-இல் தஞ்சை மராட்டிய மன்னனிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு மாறியது. 1954 நவம்பர் 1-இல் இந்தியாவின் ஆட்சிக்கு வந்தது. அம்மையார் கோயிலும், மஸ்தான் சாகிபு தர்காவும், மாதா கோயிலும் ஒரே ஊரிலே மணியடித்தும் பாங்கு சொல்லியும் வாழ்ந்துவரும் ஊர். 1909-இல் பாரதிதாசன் ஆசிரியப் பணி ஏற்றது இப்பகுதியைச் சேர்ந்த நிரவியிலேதான். பின்னாளில் 'தவிப்பதற்கோ பிள்ளை?' என்று கேட்டுக் கருத்தடையைப் பாட்டிலே ஏற்றியவர் அவர். 1930-இல் புதுச்சேரியிலே தோன்றிய 'புதுவை முரசு', பிரெஞ்சிந்தியாவிலே சுயமரியாதை முழக்கத்தைக் கொண்டு சேர்த்தது. ஆக, ரோமாபுரியின் மடலும் பகுத்தறிவாளரின் ஏடும் உலவிய மண் அது.

அம்மண்ணிலே வாழ்ந்த கத்தோலிக்க மனைவிக்கு எந்தச் சட்டம் துணை நின்றது? 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணைப்படி, பிறப்புவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்கும் உரிமை பிரெஞ்சிந்தியருக்குக் கிடைத்தது. அவ்வாறு ஏற்றோரில் கத்தோலிக்கர் பலர். சாதிப் பழக்கத்தினின்று விடுபடும் வழி என்று வரவேற்கப்பட்ட சட்டம்தான். ஆயினும் அச்சட்டத்தின் 213-ஆம் பிரிவு என்ன சொல்லிற்று? கணவன் மனைவிக்குக் காப்பளிக்க வேண்டும். மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும்! நெப்போலியன் எழுதுவித்த இந்த வரியைப் பிரான்சு 1938-இல்தான் நீக்கிற்று. மனுவுக்கும் நெப்போலியனுக்கும் கடல் கடந்த ஒற்றுமை இருந்ததைக் கண்டீர்களா? மேலும், முதல் உலகப் போரிலே ஆட்களைப் பலிகொடுத்த பிரான்சு, 1920 ஜூலை 31-ஆம் நாள் சட்டத்தால் தன் நாட்டிலே கருத்தடைப் பிரசாரத்தையே குற்றமாக்கிற்று. 1967-இல் நியூவிர்த் சட்டம் வந்த பிறகே அங்கே அக்கதவு திறந்தது. 'சமத்துவம்' என்று சுவரிலே எழுதிவைத்த நாட்டின் நிலை அது.

சரி, கருவியும் மருந்தும் பாவமாயின், பத்துப் பிள்ளை பெற்று இரத்தம் வற்றிய தாய்க்குத் திருச்சபை காட்டிய வழி யாது? நாள் பார்க்கும் வழி! கருத்தரிக்கக் கூடிய நாள்களிலே விலகியிருந்து, ஏனைய நாள்களிலே கூடி வாழ்வது பாவமன்று என்றனர். 1880-இலேயே ரோமாபுரியின் பாவமன்னிப்பு மன்றம், இவ்வாறு நாள் பார்க்கும் தம்பதியரைக் கலங்கச் செய்ய வேண்டாமென்று குருமாருக்கு விடை தந்திருந்தது.

இங்கேதான் வரலாறு நகைக்கிறது! அந்நாளைய மருத்துவர் பலரின் கணக்கே தலைகீழ். மாதவிடாயை ஒட்டிய நாள்களே கருத்தரிக்கும் நாள்கள்; இரண்டு மாதவிடாய்களுக்கு நடுவிலுள்ள நாள்களே ஆபத்தற்றவை என்று அவர்கள் நம்பினர். உண்மையோ நேர்மாறு. அந்த அறிவுரையை நம்பி நடந்தவள், கருத்தரிக்க மிகவும் ஏற்ற நாள்களையே காப்பான நாள்களென எண்ணி ஏமாந்தாள். வானத்திலிருந்து வந்த விதி, அவளை ஏமாற்றத்தினின்று காக்கவில்லை. தவற்றைத் திருத்தியது ஆராய்ச்சி. 1924-இல் ஜப்பானிய மருத்துவர் ஒகினோவும், சில ஆண்டுகளில் தனித்தே ஆய்ந்த ஆஸ்திரிய மருத்துவர் க்னௌசும், சினைமுட்டை வெளிப்படுவது அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாள்களுக்கு முன்பு என்று கண்டனர். முட்டை வாழ்வது ஒரு நாள்; ஆணின் விந்தணு பெண்ணுடலில் ஐந்து நாள் வரை வாழலாம். இந்த இரண்டு உண்மைகளின் மேல் எழுந்ததே கணக்கு. பல மாத விலக்கு நாள்களைக் குறித்துவைத்து, மிகக் குறுகிய சுற்றிலிருந்து 18-ஐயும், மிக நீண்ட சுற்றிலிருந்து 11-ஐயும் கழிக்க வேண்டும். சுற்று 26 நாளுக்கும் 31 நாளுக்கும் இடையே மாறுகிறவள், 8-ஆம் நாள் முதல் 20-ஆம் நாள் வரை விலகியிருக்க வேண்டும்.

1951 அக்டோபர் 29-இல் இத்தாலிய மருத்துவச்சிகளிடையே பேசிய போப் பன்னிரண்டாம் பயஸ், தக்க காரணமிருப்பின் இம்முறையைக் கைக்கொள்ளலாம் என்று வெளிப்படையாகவே கூறினார். அதே 1951-இல் இந்திய அரசும் அதே வழியில் அடியெடுத்து வைத்தது! அன்றைய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் காந்தியாரின் வழி நின்றவர், கருவிகளை விரும்பாதவர். அவருடைய அரசின் வேண்டுகோளின்பேரில் உலகச் சுகாதார நிறுவனம் ஆபிரகாம் ஸ்டோன் என்னும் அமெரிக்க மருத்துவரை அனுப்பியது. தில்லியின் லோதி குடியிருப்பிலும், மைசூர் நாட்டு இராமநகரத்திலும் சோதனை நடந்தது. எழுத்தறிந்த பெண்கள் 100-க்கு 9 பேர் கூட நிறையாத காலம் அது. எனவே நாளெண்ண ஒரு மணிமாலை செய்து தந்தனர். காப்பான நாள்களுக்குப் பச்சை மணி. கருத்தரிக்கும் நாள்களுக்கு வேறு நிறம். நாளுக்கொரு மணியைத் தள்ள வேண்டும். செபமாலையும் உத்திராட்ச மாலையும் உருட்டிய நாட்டுக்குப் புதியதொரு மாலை!

விளைவு? இருட்டிலே நிறம் தெரியவில்லை. மாலையை அணிந்தாலே பிள்ளை பிறவாது என்று நம்பியோரும் இருந்தனர். சோதனை பயன் தரவில்லை. ஏடுகள் இந்நிகழ்ச்சியை நகைச்சுவையாக எழுதின. பேதைப் பெண்கள் என்று சிரித்தன. நாம் சிரிக்க மாட்டோம். மணியைத் தள்ளும் விரல் அவளுடையது. ஆனால் அன்றிரவு நடப்பதை முடிவு செய்யும் நா அவளுடையதா? மாலையிலே சிவப்போ பச்சையோ, கணவன் வந்து நிற்கையில் 'இன்று வேண்டாம்' என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டா? இக்கேள்வியை மாலை செய்தவரும் கேட்கவில்லை. மடல் எழுதியவரும் கேட்கவில்லை.

இதற்கு அறிவியலே சான்று தருகிறது. ஆஸ்திரேலிய மருத்துவத் தம்பதியரான பில்லிங்சு இணையர், உடலின் ஈரக்கசிவைக் கண்டு கருத்தரிக்கும் நாளை அறியும் முறையை வகுத்தனர். கத்தோலிக்க உலகு அதனைப் போற்றியது. உலகச் சுகாதார நிறுவனம், நம் பெங்களூர் உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து நகரங்களில் 869 பெண்களைக்கொண்டு அதனைச் சோதித்து, 1981-இல் முடிவுகளை வெளியிட்டது. பெண்களில் 100-க்கு 93 பேர், முதல் சுற்றிலேயே தம் உடலின் குறியைச் சரியாக அறிந்துகொண்டனர்! பேதைகள் என்று சிரித்தவர்களுக்கு இதுவே விடை. ஆயினும் ஓராண்டில் 100 பெண்களுக்கு ஏறத்தாழ 22 பேர் கருவுற்றனர். முறையின் குறையால் கருவுற்றோர் மூவருக்கும் குறைவு. பெரும்பாலான கருக்கள், அது கருத்தரிக்கும் நாளென்று அறிந்தும் கூடியதால் உண்டானவை. 'அறிந்தே விதியை மீறினர்' என்று அட்டவணை எழுதும். மீறியது யார்? அவளா, அவனா, இருவருமா? அட்டவணைக்கு அந்தக் கட்டமே இல்லை.

இயற்கை முறையைப் போற்றுவோர் ஒன்று சொல்வர்: மருந்தில்லை, பக்க விளைவில்லை, கணவனும் மனைவியும் ஒத்துப் பேசி நடக்கும் பண்பு வளர்கிறது என்பர். ஒத்துப் பேசும் இல்லங்களில் அது மெய்யே. தன் உடலின் நடப்பைத் தானே அறிவது அறிவு. அறிவு எவர் வழியே வந்தாலும் நாம் அதனை வரவேற்போம். நம் வழக்கு அம்முறையோடு அன்று. அது ஒன்றே வழி என்று பூட்டிய கதவோடு! அக்கதவைத் திறக்கத் திருச்சபைக்குள்ளேயே முயற்சி நடந்தது. 1963-இல் அமைக்கப்பட்ட ஆய்வுக் குழுவில், அமெரிக்காவின் கிரௌலி தம்பதியர், நாள் பார்த்து வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களின் துயர மடல்களைத் திரட்டி வைத்தனர். 1966-இல் குழுவின் பெரும்பான்மை மாற்றம் வேண்டுமென்றது. 1968 ஜூலை 25-இல் போப் ஆறாம் பால், 'ஹூமானே வீத்தே' மடலால் அதனை மறுத்தார். மணவாழ்வு அறியாதவர், மணந்தோர் மடல்களைப் படித்த பின்னும் மறுத்தார்!

மதம் ஒன்றை மட்டும் சுட்டி நாம் தப்பிக்கவும் முடியாது. காரைக்காலைச் சூழ்ந்த தமிழ்நாட்டின் கணக்கைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மணமான பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 58 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆணின் அறுவையோ 1000-க்கு ஒன்று! ஆணுக்குரியது எளிய அறுவை. ஆயினும் கத்தி தேடிச் செல்வது பெண்ணின் வயிற்றை. மாதா கோயிலுக்குப் போகிறவளுக்கு மணிமாலை, போகாதவளுக்குக் கத்தி, ஆணுக்கோ எதுவுமில்லை.

சட்டமேனும் மாறிற்றா? 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 63-ஆம் பிரிவு, 18 வயது நிறைந்த மனைவியை அவள் இசைவின்றிக் கணவன் கூடினால் அது வன்புணர்ச்சி ஆகாது என்று இன்றும் விலக்களிக்கிறது. பிரான்சு 1938-இல் அழித்த வரி, இங்கே வேறு மையினால் எழுதப்பட்டிருக்கிறது.

காரைக்காலுக்குப் புகழ் தந்தவர் ஒரு பெண். புராணம் அவருக்குக் காட்டிய விடுதலை என்ன? அழகுடலை உதறிப் பேயுருக் கொண்டால்தான் அவருக்குத் தன் வழி கிட்டியது என்கிறது. உடலைத் துறந்தால்தான் உரிமை என்ற அக்கதையை மாங்கனி இறைத்துக் கொண்டாடுகிறோம். உடலோடு, மனைவியாக, தாயாக, தன் வீட்டிலே வாழ்ந்துகொண்டே 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையை எப்போது கொண்டாடப் போகிறோம்?

தோழர்களே! கத்தோலிக்கத் தங்கையிடம் சென்று அவள் நம்பிக்கையை இகழ்வதால் ஒரு பிள்ளைப்பேறும் தடைபடாது. அவள் உடலின் கணக்கை அவளுக்குச் சொல்லுங்கள். நாள்காட்டி முதல் மாத்திரை வரை எல்லா வழிகளையும், அவற்றின் நிறைகுறைகளையும் மறைக்காமல் எடுத்து வையுங்கள். தேர்வை அவளிடம் விடுங்கள். அதற்கு முன்னே அவள் கணவனிடம் பேசுங்கள், உங்களோடும் பேசிக்கொள்ளுங்கள். எந்த முறையைக் கைக்கொண்டாலும் அதன் முதல் மணி, பெண்ணின் 'வேண்டாம்' என்ற சொல். அச்சொல்லுக்கு ஆண் தலைவணங்காத வீட்டிலே, எந்த மாலையும் வெறும் மணிகளே!