மதகைத் திறந்தால் வரும் பறவைகள்

புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் லா தெ லொரிஸ்தோன் பெயரைத் தாங்கிய லாஸ்பேட்டையில், விடியற்காலை ஹெலிபேட் மைதானத்தில் நடப்பவர்கள் ஏராளம். அங்கிருந்து பறவைகளைப் படமெடுக்கக் கேமராவோடு ஊசுட்டேரிக்குப் போகிறவர்களும் உண்டு. இப்படி உலாவுவதற்கென்றே பூங்காவும் ஏரியும் ஒதுக்கப்பட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். புதுச்சேரியின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. நாம் காற்று வாங்கப் போகும் இடங்களில் முக்கியமானவை யாரோ செய்த வேலையால் உண்டானவை. அந்த வேலை நின்றுபோனால் இடமும் நிலைக்காது என்பதே என் கட்சி.

1826-இல் உருவான தாவரவியல் பூங்காவைப் பாருங்கள். பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷெனோ தாவரங்களைச் சேகரிக்க இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். அவருக்குப் பின் வந்த பெரொத்தே அவுரியையும் பட்டுப்புழுவையும் ஆராய்ந்தவர். வணிகப் பயிருக்கான சோதனைக்கூடமாக இருந்த இடத்தில்தான் இன்று குழந்தைகள் விளையாடுகிறார்கள். பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் ஆயி மண்டபமும் முத்திரப்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் வந்ததன் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்தது. பிரெஞ்சுக்காரர்கள் உலாவுவதற்கும் சாலை அமைத்தார்களே என்று கேட்கலாம். அமைத்தார்கள்தான். ஆனால் கடற்கரைச் சாலை பறவைக்கு நீரும் இரையும் தராது. அவற்றைத் தந்தது உழவனின் ஏரி.

ஊசுட்டேரி சுமார் 800 எக்டேர் பரப்புள்ளது. பாதி புதுச்சேரியிலும் பாதி தமிழ்நாட்டிலும் கிடக்கிறது. சங்கராபரணி ஆற்றுத் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியே வந்து அதை நிரப்புகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பும்போது நாமக்கோழிகளும் ஊசிவால் வாத்துகளும் ஆழமான நீரில் மிதக்கின்றன. பாசனத்துக்கு மதகைத் திறந்த பிறகு நீர் மெல்ல இறங்கி, கரையோரத்தில் சேறு தெரிய ஆரம்பிக்கும். கணுக்கால் அளவு நீரில் ஒதுங்கும் மீன்குஞ்சுகளைத் தேடி நாரைகள் வரும். ஈரச் சேற்றைக் குத்திக் கிளற உள்ளான்கள் வரும். படமெடுப்பவர் காத்திருக்கும் அந்தக் காட்சியை, வயலுக்கு நீர் பாய்ச்சியவர் தம்மையறியாமலே உண்டாக்கித் தருகிறார். 2008-இல் புதுச்சேரி அரசு தன் பகுதியைச் சரணாலயமாக அறிவிப்பதற்கு வெகுகாலம் முன்பே நடந்துவரும் ஏற்பாடு இது.

வயலெல்லாம் மனையாகிவிட்டதே, இனி ஏரியைப் பறவைகளுக்கே விட்டுவிடலாமே என்பது இன்றைய வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. பறவை வேட்டையையும் ஆக்கிரமிப்பையும் தடுக்கச் சட்டம் வேண்டும். வயலின் பூச்சிமருந்து ஏரிக்கு வரக்கூடாது. ஆனால் வாய்க்காலைத் தூர்வாருவதும் கரையைப் பலப்படுத்துவதும் தண்ணீர் தேவைப்படுகிறவருக்குத்தான் அவசரம். பிரெஞ்சு ஆட்சியில் சிந்திகா அக்ரிகோல் எனப்பட்ட உழவர் சங்கங்கள் ஏரிகளைப் பேணின. அவை நலிந்து, ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகியபோது ஏரிகளைக் கவனிப்பார் குறைந்தார்கள். 1999-இல் ஐரோப்பிய ஒன்றிய உதவியுடன் 84 ஏரிகளைச் சீரமைக்கப் புறப்பட்ட திட்டமும் பாசனம் பெறுவோரின் சங்கங்களை மீண்டும் அமைத்தே வேலையைத் தொடங்க வேண்டியிருந்தது. இன்று ஊசுட்டேரியைப் பற்றிப் பேசக் கூடும் கூட்டங்களில் வனத்துறையும் பறவை ஆர்வலர்களும் இருந்தால் போதாது. ஆயக்கட்டு விவசாயிகளுக்கும் அங்கே நாற்காலி வேண்டும், மதகை எப்போது திறப்பது என்பதில் அவர்கள் சொல்லுக்கு எடையும் வேண்டும்.