வாக்கி-டாக்கிக்கு எத்தனை வாட்? முத்துக்குளிப்புக் கயிறு முதல் 446 வரை: ஒரு குட்டி வரலாறு

1/ போன மாசம் கையில் கட்டு மாற்ற வந்த திரேஸ்புரம் தம்பி ஒருத்தர், ஆன்லைனில் வாங்கிய வாக்கி-டாக்கியைக் காட்டினார். "10 வாட் சார், எங்க போனாலும் கேக்கும்." அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். வாட்டுக்கு ஏன் உச்சவரம்பு வச்சிருக்காங்க? வாங்க பார்ப்போம்.

2/ நம்ம கடலின் பழைய தகவல் தொடர்பு, கயிறுதான். மன்னார் வளைகுடாவில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. மூச்சு முட்டும்போது குளிப்பவர் கயிற்றை அசைப்பார், தோணியில் நிற்பவர் தூக்குவார். ஒரு கயிற்றுக்கு ஒரு ஆள், அதனால குழப்பம் இல்லை. ரேடியோ அப்படி இல்லைங்க. ஒரே கயிற்றை ஊரே பிடிச்சிருக்கு!

3/ 1912 ஏப்ரல் 14, இரவு சுமார் 11 மணி. பக்கத்தில் நின்ற கலிஃபோர்னியன் கப்பல், "சுற்றிலும் பனிக்கட்டி" என்று டைட்டானிக்குக்குத் தகவல் அனுப்பியது. டைட்டானிக் ஆபரேட்டரோ தூரத்துக் கரை நிலையத்தோடு பேசிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கப்பலின் பலமான சிக்னல் அதை மூழ்கடிக்க, எரிச்சலில் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

4/ கலிஃபோர்னியன் ஆபரேட்டர் கருவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனார். 11.40க்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. உதவி கேட்டு அழைத்தபோது, பக்கத்தில் இருந்த கப்பலில் கேட்க ஆள் இல்லை. 1,500 பேருக்கு மேல் இறந்தார்கள்.

5/ அதே வருடம் அமெரிக்கா போட்ட ரேடியோ சட்டத்தில் ஒரு விதி: ஆபத்துச் செய்தி தவிர மற்ற எதற்கும், தேவையான குறைந்தபட்ச சக்தியை மட்டுமே பயன்படுத்தணும். டாக்டர் பாஷையில் சொன்னால், வேலை செய்யும் மிகக் குறைந்த டோஸ். இன்றைய வாட் விதிகளுக்குப் பின்னால் இருப்பதும் இதே எண்ணம்தான்.

6/ இந்தியாவில் 1933 கம்பியில்லாத் தந்திச் சட்டம், வயர்லெஸ் கருவியை லைசென்ஸ் இல்லாமல் கையில் வச்சிருப்பதையே குற்றமாக்கியது. பாட்டுக் கேட்கும் வீட்டு ரேடியோவுக்கே போஸ்ட் ஆபீஸில் பணம் கட்டிய கதையை உங்க தாத்தாவிடம் கேளுங்க.

7/ பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வாசல் திறந்தது. 2005இல் 27 மெகாஹெர்ட்ஸ் சிட்டிசன் பேண்டுக்கு லைசென்ஸ் விலக்கு, உச்சவரம்பு 5 வாட். 2018 விதிகளில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் விலக்கு. இந்த 446 வகையை 1998இல் வகுத்த ஐரோப்பாவில் உச்சவரம்பு வெறும் அரை வாட்! விதிக்குப் பொருந்தாத கருவிகள் ஆன்லைனில் விற்கப்படுவதைத் தடுக்க, 2025இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தனி வழிகாட்டுதலே வெளியிட்டது.

8/ "வாட் கூடினா தூரம் கூடுமே டாக்டர்?" தடையே இல்லாத வெளியிலும் தூரம் 2 மடங்காக வாட் 4 மடங்கு வேணும். கடலில் அதுவும் முழுசா உதவாது. பூமி உருண்டை. இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். இரண்டு வள்ளத்திலும் ஆன்டெனா 2 மீட்டர் உயரம் என்றால் சுமார் 12 கிலோமீட்டர்தான். இரண்டையும் 9 மீட்டருக்கு ஏற்றினால் சுமார் 25. தூரத்தைக் கூட்டுவது உயரம்.

9/ கூடுதல் வாட் என்ன செய்யும்? எஃப்.எம். முறையில் ஒரே சேனலில் இரண்டு பேர் பேசினால், ரிசீவர் பலமானதைப் பிடித்துக்கொள்ளும். பலவீனமானது காணாமலே போகும். பேட்டரி இறங்கிப்போன செட்டில் "காப்பாத்துங்க" என்று ஒருத்தர் கூப்பிடும்போது, நீங்க 10 வாட்டில் மீன் விலை பேசினால் யார் குரல் கேட்கும்?

10/ அதனாலதான் கப்பல், படகுகளின் வி.எச்.எஃப். செட்டில் 25 வாட்டோடு 1 வாட் பட்டனும் இருக்கும். துறைமுகத்துக்குள் 1 வாட் போதும். சேனல் 16 ஆபத்துக்கும் முதல் அழைப்புக்கும் மட்டும், அரட்டைக்கு இல்லை.

11/ 2017 ஒக்கி புயலில், வி.எச்.எஃப். எட்டாத ஆழ்கடலில் நம்ம ஆட்கள் எச்சரிக்கை கேட்காமலே மாட்டினார்கள். அங்கே 10 வாட் வாக்கி-டாக்கியாலும் பயன் இல்லை. சாட்டிலைட் கருவிதான் வழி.

12/ ஆக, விளையாட்டுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் 446 வகை போதும். கடலுக்கு உரிமம் உள்ள மரைன் வி.எச்.எஃப்., உயரமான ஆன்டெனா, அப்புறம் அடக்கமான பேச்சு. கேஷுவால்டிக்கு ஒருத்தர் உயிரோட வந்து சேரணும்னா, முதலில் அவர் குரல் யாருக்காவது கேட்கணும். படகு வச்சிருக்கிற சொந்தக்காரங்களுக்கு இதை அனுப்புங்க.