மலாயாவின் பழைய தபால்தலைகளில் அலங்கார முத்திரைகள்: குத்திய கை யாருடையது?

கோலாலம்பூர் 1974 பிப்ரவரி 1 அன்று கூட்டரசுப் பிரதேசமாகும்வரை சிலாங்கூரின் பகுதியாக இருந்தது. அதனால் செராஸ் வட்டாரத்துப் பழைய குடும்பங்களின் கடிதக் கட்டுகளில் சிலாங்கூர், கூட்டரசு மலாய் மாநிலங்கள், ஜப்பானிய ஆட்சி என மூன்று அரசுகளின் தபால்தலைகள் ஒன்றாகக் கிடக்கும். இப்பகுதியின் பழைய தலைகளில் பிறை, புள்ளிச் சாய்சதுரம், சிவப்புச் சதுரம், கருப்புப் பட்டை என்று விதவிதமான குறிகள் இருக்கும். சேகரிப்பாளர்கள் இவற்றையெல்லாம் "அபூர்வ ரத்து முத்திரை" என்று ஒரே பெயரில் அடக்கிவிடுகிறார்கள். இவற்றில் பல ரத்து முத்திரைகளே அல்ல என்பது என் முடிவு. வடிவத்தைப் பார்ப்பதற்கு முன், குத்தியவர் யார், தலையை உறையில் ஒட்டுவதற்கு முன்னா பின்னா என்று கேட்க வேண்டும்.

ரத்து முத்திரையில் அலங்காரம் தொடக்கத்திலேயே உண்டு. 1840 மே மாதம் வெளிவந்த உலகின் முதல் தபால்தலையான பென்னி பிளாக் மீது விழுந்தது மால்டீஸ் சிலுவை. அதற்குப் பயன்பட்ட சிவப்பு மையை அழித்துவிட்டுத் தலையை மறுபடி ஒட்ட முடிந்ததால் 1841இல் தலை சிவப்பாகவும் மை கருப்பாகவும் மாறின. 1844இல் சிலுவை போய் எண் வந்தது. அமெரிக்காவிலோ சிறு அஞ்சலகங்களுக்கு அரசு கருவி தரவில்லை. அஞ்சல்காரர்கள் தக்கையிலும் மரத்திலும் தாங்களே செதுக்கிக்கொண்டார்கள். கனெக்டிகட் மாநிலத்து வாட்டர்பரியில் ஜான் ஹில் செதுக்கிய "ஓடும் கோழி" 1869ஆம் ஆண்டைச் சேர்ந்தது; இன்றும் பெருவிலைக்குப் போகிறது.

மலாயாவில் அந்த வழக்கம் வேரூன்றவில்லை. இங்கு அஞ்சல் இந்திய நிர்வாகத்தின் கிளையாகத் தொடங்கியது. 1854 முதல் நீரிணைக் குடியேற்றங்களில் இந்தியத் தலைகளே புழங்கின. முதலில் புள்ளிகளாலான சாய்சதுரம் அவற்றை ரத்து செய்தது. 1856இல் எண்முறை வந்தபோது வங்காள வட்டத்தின் பி எழுத்தோடு மலாக்காவுக்கு 109, பினாங்குக்கு 147, சிங்கப்பூருக்கு 172 கிடைத்தன. ஆகவே எண்கோணக் கட்டத்துக்குள் பி 172 என்று கண்டால் அதை அலங்காரமாகக் கொள்ளக் கூடாது, அது ஊரின் பெயர். 1867 ஏப்ரல் 1 அன்று இப்பகுதி லண்டனின் நேரடி ஆளுகைக்கு மாறியது. செப்டம்பரில் இந்தியத் தலைகள் மீதே கிரீடமும் சென்ட் மதிப்பும் அச்சாகி வந்தன.

குழப்பம் வளர்வது இந்த மேலச்சுகளிலிருந்துதான். 1878இல் பேராக்கும் சுங்கை ஊஜோங்கும் நீரிணைத் தலைகள் மீது பிறையும் நட்சத்திரமும் மாநில எழுத்தும் கொண்ட குறியைக் குத்தின. பார்வைக்கு அது ரத்து முத்திரை போலவே இருக்கும். உண்மையில் தலையைச் செல்லுபடியாக்கியதே அதுதான். ஜப்பானியர் காலத்தில் இது இன்னும் கூடியது. 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூர் வீழ்ந்தது. கையிருப்பிலிருந்த பிரிட்டிஷ் மலாயாத் தலைகள் மீது சீன எழுத்துகள் கொண்ட சதுர முத்திரைகளைக் குத்தி அவற்றையே விற்றார்கள். ஏப்ரலில் மலாக்காவில் குத்திய சிவப்பு முத்திரை நான்கு தலைகளின் பரப்புக்குப் பெரியது. தனித்தனியாகக் கிழித்தபோது ஒவ்வொன்றிலும் கால்பங்கு மட்டுமே தங்கியது: ஒரு மூலையில் சட்டத்தின் வளைவு, உள்ளே அரைகுறையாக இரண்டு கோடுகள். நான்கையும் சேர்த்து வைத்தால்தான் அது அரசு முத்திரை என்பது விளங்கும்.

வடபோர்னியோவில் கதை வேறு. அங்கே கம்பெனி ஆட்சி, மிஞ்சிய தலைகளை நீள்வட்டப் பட்டை முத்திரையால் மொத்தமாக ரத்து செய்து சேகரிப்பாளர்களுக்கு விற்றது. எந்தக் கடிதத்திலும் போகாத தலைகள் அவை. தபாலுக்கும் வருவாய்க்கும் பொதுவான தலைகளில் ஊதா மையோ பேனாக் கோடோ இருந்தால் பத்திரத்தில் ஒட்டியதாக இருக்கலாம். உயர்மதிப்புத் தலைகளில் இந்த வேறுபாடு விலையைப் பெரிதும் குறைத்துவிடும். ஊழியர்கள் தலைகளைத் திருடி விற்காமலிருக்க வங்கிகளும் வணிக நிறுவனங்களும் குத்திய சொந்த முத்திரைகளும் உண்டு.

இவற்றைப் பிரித்தறிய நம்பகமான சோதனை தலையின் ஓரம். மேலச்சும் நிறுவன முத்திரையும் தலையை ஒட்டுவதற்கு முன் குத்தப்பட்டவை. அதனால் மை தலையின் விளிம்போடு நின்றுவிடும், உறைக்குத் தாண்டாது. அஞ்சலகத்தின் தேதி முத்திரை அவற்றின் மேல் ஏறியிருக்கும். ரத்து முத்திரை பெரும்பாலும் தலையிலும் உறையிலும் பாதிப்பாதியாக விழும்.

நகரத்தார் கடிதங்களை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். கோலாலம்பூர் அம்பாங் தெருவிலிருந்தும் பினாங்கிலிருந்தும் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் போன உறைகளில் கடையின் விலாசம் பொறித்த தமிழ் முத்திரை இருக்கும். அது தலைமேல் வழிந்திருந்தால், ஊறவைத்துப் பிரித்தெடுத்த தலையில் ஓர் எழுத்தின் சுழி மட்டும் மிஞ்சும். வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு அது ஏதோ பூ வேலைப்பாடு. உறை முழுசாக இருந்தால் எந்தக் கடை, எந்த ஊர், எந்த ஆண்டு என்று நம்மால் வாசிக்க முடியும்.

எனவே செராஸிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வீட்டுப் பெட்டிகளில் பழைய உறைகள் வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: தலைகளைத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், கத்தரிக்காதீர்கள். உறையை முழுசாக, இரு பக்கமும் படமெடுத்து வையுங்கள்.