வெறிநாய்க்கடி ஊசி மேடையேறிய கதை: 'பாஸ்டர்' நாடகம்

வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்ட லூயிஸ் பாஸ்டரின் வாழ்க்கையைச் சொல்லும் பிரெஞ்சு மேடை நாடகம் 'பாஸ்டர்'. சாஷா கித்ரி எழுதிய இந்நாடகம், 1919 ஜனவரியில் பாரிஸ் வோத்வில் அரங்கில் முதன்முதலாக நடிக்கப்பட்டது. பாஸ்டராக நடித்தவர் ஆசிரியரின் தந்தை லுசியான் கித்ரி. பல ஆண்டுகள் மனக்கசப்பில் பிரிந்திருந்த தந்தையும் மகனும் மீண்டும் சேர்ந்த சிறிது காலத்திலேயே நாடகம் வந்தது. 1935-இல் அது படமானபோது மகனே பாஸ்டராக நடித்தார்.

மொத்தம் ஐந்து அங்கங்கள். 1870 போரில் தொடங்கி, 1892-இல் பாஸ்டரின் 70-ஆம் பிறந்தநாள் விழாவில் முடிகிறது. பெண் பாத்திரம் ஒன்றுகூட இல்லை, காதலும் இல்லை. தோட்டத்துத் திருவிழா மேடையில் ஆட்டமும் பாட்டுமாக நாடகம் பார்த்துப் பழகிய நமக்கு இது வெறும் பேச்சாகத் தோன்றலாம். ஆனால், நடுவில் வரும் சிறுவனின் காட்சி அந்தக் குறையைத் தீர்த்துவிடும்.

அது நடந்த கதை. 1885 ஜூலை 4-இல் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த 9 வயது ஜோசப் மைஸ்டரை வெறிநாய் 14 இடங்களில் கடித்தது. இரண்டு நாள் கழித்து அவனைப் பாரிஸுக்குக் கொண்டு வந்தார்கள். (உடன் வந்தவர் அவனுடைய தாய். நாடகத்தில் தாத்தா.) பாஸ்டரோ வேதியியல் அறிஞர், டாக்டர் அல்ல. அவருடைய மருந்து நாய்களுக்குப் பலித்திருந்தது. மனிதனுக்குப் பலிக்குமா? போட்டபின் பையன் இறந்தால் பழி அவர்மீது. போடாவிட்டால் பையன் உயிர் போகலாம்.

டாக்டர் கிராஞ்சே ஊசி போட்டார். நோய் கண்ட முயலின் தண்டுவடத்தை உலர்த்திச் செய்த மருந்து அது. நன்கு உலர்ந்து வலுவிழந்ததில் ஆரம்பித்து, நாளுக்கு நாள் வீரியம் கூடியதைச் செலுத்தினார்கள். 10 நாட்களில் 13 ஊசி. பையன் பிழைத்தான். பெரியவனானதும் பாஸ்டர் கழகத்திலேயே வாயிற்காவலராக வேலை பார்த்தான்.

கடித்த பிறகு போட்டும் ஊசி எப்படிப் பலிக்கிறது? கிருமி நரம்பு வழியே மூளைக்கு மெதுவாகத்தான் ஏறும்; பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். அதற்குள் உடல் எதிர்ப்புச் சக்தியைத் தேடிக்கொள்ள வேண்டும். நோய்க்குறி தெரிந்தபின் பிழைத்தவர் மிக அபூர்வம்.

தமிழகத்தில் இந்தச் சிகிச்சைக்கென நீலகிரிக் குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு கடிபட்டவர்கள் வடக்கே இமயமலைப் பக்கம் உள்ள கசௌலிக்குப் போக வேண்டியிருந்தது.

மலேசியாவில் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும் 2017-இல் சரவாக்கிலும் இந்நோய் தலைகாட்டியது. கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் வட்டாரத் தோட்ட லயங்களிலும் செம்பனைக் காட்டிலும் நாய்களுக்குப் பஞ்சமில்லை. நாயோ பூனையோ கடித்தாலும் கீறினாலும், குழாய் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே கிளினிக்குக் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் இதற்கு உதவாது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பெரியவர்கள் பயமுறுத்துவது பழைய மருந்தைப் பற்றியது. இப்போது போடுவது கையில், நாலைந்து ஊசிதான்.