அளவுநாடா எந்தத் தெருவரை செல்கிறது?

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் இடது மேற்கையை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, நாடாவால் அளந்தால் போதும்: 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு, 12.5-க்குக் குறைந்தால் மிதமானது. இரு பாதங்களிலும் அழுத்தினால் குழி விழும் வீக்கம் இருப்பின், அளவு எதுவாயினும் கடும் நிலையே. வீங்கிய குழந்தை கொழுத்ததாகத் தோன்றி ஏமாற்றுவதும் உண்டு.

நாடா மலிவானது. ஊர்த்தெருவிலுள்ள அங்கன்வாடிக்குச் சேரிக் குழந்தை வராதபோது, அதன் கையை அளப்போர் எவருமில்லை. பதிவேட்டிலும் அக்குழந்தை இல்லை. பட்டியல் சாதி, பழங்குடியினர் குடியிருப்புகள் அனைத்திலும் அங்கன்வாடி அமைக்க உச்ச நீதிமன்றம் 2004 அக்டோபரில் ஆணையிட்டது. 2006 டிசம்பர் ஆணையோ மேலும் தெளிவானது: ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகளேனும் உள்ள, மையமில்லாத குடியிருப்பு கோரினால், மூன்று மாதங்களுக்குள் மையம் அமைய வேண்டும்.